முன்பதிவு பட்டனிலிருந்து கையை எடுங்கள், தோழர்களே!

முழு விலை கொடுத்து அரைகுறை கிரிக்கெட் கேமை வாங்கி வைத்திருக்கும் தோழர்களே! கடைசி பேட்ச் வந்து மாதக்கணக்காகிறது. கெரியர் மோடில் டெஸ்டின் நான்காம் நாள் வந்தால் சேவ் ஃபைல் கெட்டுப்போகிறது. கவர் பக்கம் தட்டிய பந்து உருண்டே எல்லைக்கோட்டுக்குப் போகிறது. இரண்டடி தள்ளி நிற்கும் ஃபீல்டர் அசைவதில்லை. டிஆர்எஸ் திரையில் மூன்றும் சிவப்பு, தீர்ப்பு மட்டும் நாட் அவுட். புகார் அனுப்பினால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி வருகிறது. அதற்குள் அந்தக் கம்பெனி அடுத்த பதிப்பின் டிரெய்லரை இறக்கிவிட்டது. முன்பதிவு செய்தால் தங்க நிற மட்டை இலவசமாம்!

தொடாதீர்கள். விற்ற ஆட்டத்தை முடித்துக் கொடுக்காதவர்களுக்கு அடுத்த ஆட்டத்துக்கென்று ஒரு பைசா முன்பணம் கிடையாது.

"கிரிக்கெட் கேம் வருவதே அபூர்வம், இதையும் வாங்காவிட்டால் அதுவும் நின்றுபோகும்" என்று சிலர் தயங்குகிறீர்கள். அந்தப் பயத்தை வைத்துத்தான் நம்மிடம் வியாபாரம் நடக்கிறது. 2013-ல் நடந்ததைப் பாருங்கள். ஆஷஸ் முதல் டெஸ்ட் பிரிஸ்பேனில் தொடங்கிய மறுநாள், நவம்பர் 22 அன்று, 'ஆஷஸ் கிரிக்கெட் 2013' ஸ்டீமில் விற்பனைக்கு வந்தது. மெல்போர்னின் டிரிக்ஸ்டார் கேம்ஸ் உருவாக்கம், 505 கேம்ஸ் வெளியீடு, இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வாரியங்களின் உரிமம் வேறு. ஃபீல்டிங் சிரிப்பாய்ச் சிரித்தது. வாங்கியவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. கோளாறுகளைப் படம்பிடித்து ஊரறியப் போட்டார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கேமைக் கடையிலிருந்து இறக்கினார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த மன்னிப்பு அறிக்கையை ஊன்றிப் படித்தால் ஒன்று புரியும்: ஆஷஸ் பெயரையும் இரு வாரியங்களின் பெயரையும் காப்பது மிக முக்கியம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். வாங்கியவன் அழுதால் அசையாத வெளியீட்டாளர், உரிமம் கொடுத்த வாரியம் முகம் சுளித்தால் நடுங்குவார். ஆகவே நம் புகாரின் ஒரு நகல், அட்டையில் எந்த வாரியத்தின் முத்திரை இருக்கிறதோ அந்த வாரியத்துக்கும் போகட்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 2006 கடைசியில் வந்த 'கிரிக்கெட் 07' நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு இஏ அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. ஐபிஎல் தொடங்கியதே 2008-ல்தான். ஆனாலும் நம் பிரவுசிங் சென்டர்களில் சென்னை மஞ்சள் ஜெர்சியோடு அந்த கேமில் இறங்கி ஆடியது எப்படி? ரசிகர்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அணிகளையும் முகங்களையும் மைதானங்களையும் செய்து சேர்த்தார்கள். ஃபைல்கள் நம் கணினியிலேயே இருந்ததால் அது முடிந்தது. யாருடைய சர்வரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்று நிலைமை வேறு. யுபிசாஃப்டின் 'தி க்ரூ' கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று அணைத்தார்கள். தனியாக ஆடுகிறவனுக்கும் கேம் திறக்காமல் போனது. அந்தக் கொதிப்பில் பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. ஆதரவை நிறுத்துவதானால் நிறுத்தட்டும். நிறுத்துமுன் இணையம் இல்லாமல் ஆட வழி செய்யட்டும், அணிகளைத் திருத்தும் கருவிகளை நம் கையில் கொடுக்கட்டும். மிச்சத்தை நாமே பார்த்துக்கொள்வோம்.

ஐரோப்பியக் குடிமக்கள் அல்லாத நாம் அந்த மனுவில் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் நமக்கு 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 35-ஆம் பிரிவின்படி, ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலருக்காக ஒருவரோ சிலரோ நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனு போடலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இணையவழியில் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேல் போகாவிட்டால் கட்டணம் இல்லை. ஆனால் குறை எழுந்த நாளிலிருந்து இரண்டே ஆண்டுதான் கெடு. "வெளிநாட்டுக் கம்பெனியை என்ன செய்துவிட முடியும்" என்று கை விரிக்காதீர்கள். ஸ்டீமை நடத்தும் வால்வும் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் அந்த நாட்டுச் சட்டம் தனக்குப் பொருந்தாது என்றுதான் வாதாடியது. வாதம் எடுபடவில்லை, 2016-ல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. பணத்தைத் திருப்பித் தர மறுத்தது பற்றிய வழக்கு அது. நம் மின்வணிக விதிகளும், வெளியே இருந்துகொண்டு இந்தியாவில் தொடர்ந்து விற்கிறவர்களைக் கட்டுப்படுத்தும்.

ஒரு வேண்டுகோள், அடிமனத்திலிருந்து. கோடு எழுதியவரையும் அனிமேஷன் செய்தவரையும் தேடிப் பிடித்துத் திட்டாதீர்கள். வெளியீட்டுத் தேதியைக் குறித்தவர்கள் அவர்கள் இல்லை. பேட்ச் வேலையிலிருந்து அவர்களை எடுத்து அடுத்த பதிப்புக்கு மாற்றியதும் அவர்கள் முடிவு இல்லை. நம் கோபம் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள் மீதுதான்.

இன்றிரவே ஆளுக்கொரு ஃபோல்டர் திறவுங்கள். வாங்கிய ரசீது, "சரிசெய்வோம்" என்று அவர்கள் எழுதியதன் ஸ்கிரீன்ஷாட், கோளாறு தெரியும் கிளிப், தேதியோடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிந்து, கிடைக்கும் புகார் எண்ணையும் அந்த ஃபோல்டரில் போடுங்கள். மனு எழுத மாவட்டத்துக்கு ஒருவர் முன்வாருங்கள்; சட்டம் படிக்கும் தோழர்கள் முதலில் கை தூக்குங்கள். ஆசையில் ஏற்கெனவே முன்பதிவு செய்துவிட்டவர்கள் வருந்த வேண்டாம், ஸ்டீமில் கேம் வெளியாகும்வரை அதை ரத்து செய்து முழுப் பணத்தையும் வாங்கிவிடலாம். இப்போதே செய்யுங்கள், செய்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் தோழனையும் செய்ய வையுங்கள்.