பல்லிக்கு இணையம் போதும், நாய்க்கு?

சிலந்தி என்றாலே நடுங்குகிற முப்பது பேரை வைத்து ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு குழுவினரிடம் சிகிச்சையாளர் கூடவே இருந்து, மூன்று மணி நேரம் நிஜச் சிலந்தியோடு பழக்கினார். மற்றவர்கள் ஐந்து வாரம் இணையத்தில் பாடம் படித்து, காணொளி பார்த்துத் தாங்களாகவே பழகினார்கள். சிலந்தியை எவ்வளவு நெருங்க முடிகிறது என்று சோதித்ததில் முதல் குழுவில் 85.7 சதவீதம் பேர் தெளிவாகத் தேறியிருந்தார்கள். இணையக் குழுவில் 46.2 சதவீதம்தான். பிற்பாடு மறுபடி சோதித்தபோது 72.7, 66.7 என இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது.

முப்பது பேரை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவிவிட முடியாதுதான். ஆனாலும் திசை தெரிகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இணையக் குழுவினருக்கும் மறுமுனையில் வழிகாட்ட ஆள் இருந்தார்.

பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் பழகும் இந்தச் சிகிச்சை புதிதல்ல. முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்த கதையை உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இலேயே எழுதிவிட்டார். பழைய பயம் அழிவதில்லை, அதன் மேல் புதிய அனுபவம் ஒன்று படிகிறது என்பது மிஷெல் கிராஸ்கே போன்ற உளவியலாளர்களின் இன்றைய விளக்கம். ஆகவே, நெருங்குவதற்கு முன் ‘என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறேன்?’ என்று எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்; நின்று பார்த்தபின் அது நடந்ததா என்று சரிபார்க்க வேண்டும். கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்தபடி பல்லியைப் பார்த்தவர், ‘தாழ்ப்பாள் கையில் இருந்ததால் தப்பித்தேன்’ என்றுதான் கற்றுக்கொள்வார். தனியாகச் செய்கிறவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருந்தாலும், பல்லிக்குப் பயம் என்று சொல்லிக்கொண்டு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? வீட்டிலேயே சிரிப்பார்கள். தமிழில் ஓர் இணையவழிச் சிகிச்சை வேண்டும் என்பதற்கு இந்தக் கூச்சமே போதிய காரணம். பல்லிக்கு அது பொருந்தும். வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது, சுவரில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால், நம்மவர்களின் பயம் அதன் உடலோடு நிற்பதில்லை. சாம்பாரில் விழுந்தால் விஷம் என்பதும், தலையில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுவதும் அதோடு சேர்ந்தவை. அந்தத் தோஷம் தீர காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வருகிறார்கள். (தொடுவதற்குத் துணிகிறார்கள் என்ற அளவில் அதுவும் ஒரு படிதான்.) ஸ்வீடன் பாடத்தை அப்படியே மொழிபெயர்த்தால் இதெல்லாம் விடுபட்டுப் போகும்.

நாய் விஷயம் வேறு. உலகின் ரேபிஸ் மரணங்களில் 36 சதவீதம் இந்தியாவில் நடப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பயந்தது நடக்கவில்லை என்று அனுபவத்தில் தெரிந்துகொள்வதுதான் இந்தச் சிகிச்சையின் அஸ்திவாரம். தெருமுனை நாய் கடித்துவிட்டால், பயந்தது சரி என்றே ஆகிவிடும். அதன்பின் பயத்தை அசைப்பது பல மடங்கு கடினம். வாசலில் நிற்பது எந்த நாய் என்று இணையப் பாடத்துக்குத் தெரியாது. எனவே நாய்ப் பயத்துக்கான கடைசிப் படி, தெரிந்தவர் வீட்டில் தடுப்பூசி போட்டு வளர்க்கும் நாயாக, வளர்ப்பவர் கையில் சங்கிலியோடு இருக்க வேண்டும். தெருநாயைத் தடவிக்கொடுப்பதை எந்தப் பாடத்திலும் சேர்க்கக் கூடாது. பாம்புக்கு கிண்டி பாம்புப் பண்ணையின் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்றாலே போதும். ஏற்கெனவே கடிபட்டவர்களும் குழந்தைகளும் நிபுணர் துணையோடுதான் தொடங்க வேண்டும்.

இணையப் பாடத்துக்கு மறுமுனையில் வழிகாட்டும் ஆளுக்கு எங்கே போவது? 2022 அக்டோபரில் தொடங்கிய, மத்திய அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மனஸின் 14416 எண் ஏற்கெனவே தமிழில் பேசுகிறது. நெருக்கடியில் அழைப்பவர்களுக்குத்தான் அங்கே முன்னுரிமை. அதில் மாற்றம் கூடாது. தனியாகச் சிலரை அமர்த்தி, பாடத்தில் சேர்ந்தவர்களை வாரம் ஒருமுறை அவர்களே அழைத்து, ‘இந்த வாரம் எவ்வளவு கிட்டே போனீர்கள்?’ என்று கேட்க ஏற்பாடு செய்தால் பெரிய செலவாகிவிடாது.