புல்லுக்குப் பதில் யூக்கா

லாஸ் வேகாஸ் நகரில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழை சுமார் 10 சென்டிமீட்டர்தான். அந்த ஊர்த் தண்ணீரில் ஏறக்குறைய 90 விழுக்காடு கொலராடோ ஆற்றிலிருந்து, மீட் ஏரி வழியாக வருகிறது. அங்கே பச்சைப்பசேல் என்று புல்தரை எதற்கு?

புல்லைப் பெயர்த்துவிட்டுப் பாலைச் செடி வைப்பவர்களுக்கு நீர் ஆணையம் பணமே கொடுக்கிறது. யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்கு 2026-க்குப் பிறகு கொலராடோ நீரைப் பாய்ச்சக் கூடாது என்று அந்நகரம் இருக்கும் நெவாடா மாநிலம் 2021-இல் சட்டம் போட்டது. தனி வீடுகளுக்கு அது பொருந்தாது. அங்கே வீட்டுக்காரர்கள் தாங்களாகவே முன்வர வேண்டும்.

ஆனால் புல் இருந்த இடத்தில் வெறும் சரளைக்கல்லைக் கொட்டிவிட்டுப் போவது சரியல்ல. வெயிலில் கல் கொதிக்கும். பறவைக்கும் பூச்சிக்கும் ஒதுங்க இடமிருக்காது. அந்த மண்ணுக்கே உரிய மொஹாவே யூக்காவை வைக்கலாமே! அது பூக்கும்போது யூக்கா அந்துப்பூச்சி தேடி வரும். பெண் பூச்சி ஒரு பூவின் மகரந்தத்தை உருண்டையாகத் திரட்டி எடுத்துப் போய், இன்னொரு பூவின் சூலகத்தில் முட்டையிட்டு, அதன் சூல்முடியில் மகரந்தத்தை அழுத்தி வைக்கிறது. புழுக்கள் கொஞ்சம் விதையைத் தின்னும்; மிச்சம் செடிக்கு. இதைத் தோட்டத்திலேயே பார்க்கக் கிடைப்பது பெரிய பேறு.

வளர்ப்பில் முக்கியம் வடிகால். மண்ணை மேடாக்கி நட வேண்டும். வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். இலைநுனி ஊசியாய்க் குத்தும், எனவே குழந்தைகள் ஓடும் நடைபாதையை விட்டுத் தள்ளியே நடுவது நல்லது.