வேடமும் உறவும்

கணினி விளையாட்டைப் பற்றித் தமிழ் மன்றத்து இதழில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நாடகத்தைப் பற்றி எழுதுகின்றோம். நாவலைப் பற்றி எழுதுகின்றோம். திரைப்படத்தைப் பற்றியும் எழுதுகின்றோம். இம்மூன்றும் சேர்ந்தாற்போன்ற ஒன்று, விடுதி அறைகளில் நள்ளிரவு தாண்டியும் விளக்கை அணையவிடாமல் வைத்திருக்கின்றது. அதைப் பற்றி மட்டும் வாய் திறவாதிருப்பது முறையாகாது.

நான் சொல்வது பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டு. ஆர்.பி.ஜி. என்று மூன்றெழுத்தில் வழங்குவர். ஆடுபவர் வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, நாடோடியாகவோ வேடம் பூணுகின்றார். வழித்துணைக்குச் சிலர் வருகின்றனர். அவர்களோடு சேர்ந்து போர் புரியலாம், இரவில் தீ மூட்டி அமர்ந்து பேசலாம், நட்புக் கொள்ளலாம், காதலிக்கவும் செய்யலாம். இங்கேதான் வழக்கு எழுகின்றது. யாரோடு யாருக்கு என்ன உறவு என்பதை ஆடுபவர் தேர்ந்துகொள்ள வேண்டுமா? கதை எழுதியவர் முன்பே முடிவு செய்துவிட வேண்டுமா?

“வேடம் என்னுடையது, ஆகவே விருப்பமும் என்னுடையதாக இருக்க வேண்டும். எழுதியவர் கைகாட்டுகின்றவளைத்தான் நான் காதலிக்க வேண்டுமென்றால், அதற்கு ஒரு படம் பார்த்துவிட்டுப் போகலாமே” என்கின்றனர் ஒரு சாரார். “எல்லாரையும் எல்லாருக்கும் கிடைக்கச் செய்தால் பாத்திரத்துக்குத் தனி இயல்பு ஏது? இராமனுக்குச் சீதைதான், அதை மாற்றினால் வேறு கதை” என்கின்றனர் மற்றொரு சாரார். இரு சாராரிடமும் உண்மை உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். உறவைத் தேரும் உரிமையைவிட, உறவுக்குள் எப்படி நடந்துகொள்வது என்னும் உரிமை பெரிது. காதலைப் பொறுத்தமட்டில் தேரும் உரிமை வேண்டும். ஆயின் அது இருபுறமும் வேண்டும். மறுக்கத் தெரியாத பாத்திரத்தைக் காதலிப்பது காதலாகாது.

இந்த வழக்கு புதிதன்று. 1997 இல் ஜப்பானில் வெளிவந்த ஃபைனல் ஃபேண்டஸி ஏழாம் பகுதியை எடுத்துக்கொள்வோம். அதில் கிளவுட் என்னும் வீரனோடு ஏரித் என்னும் பூக்காரப் பெண் துணையாக வருகின்றாள். பொழுதுபோக்கு நகரம் ஒன்றில் ஓரிரவு கிளவுடோடு உலவ வருபவர் யார் என்பது, அதுவரை ஆடியவர் யாரிடம் எப்படிப் பேசினார் என்பதைப் பொறுத்தது. அது ஏரித்தாக இருக்கலாம், டீபாவாக இருக்கலாம், வேறொருவராகவும் இருக்கலாம். பின்னர் ஏரித் கொல்லப்படுகின்றாள். அதை மட்டும் எந்த ஆட்டக்காரராலும் தடுக்க முடியாது. ஓர் இரவைத் தேர்ந்துகொள்ளலாம்; ஓர் இறப்பை மாற்ற இயலாது. அந்த மரணத்தை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகம் பேசுகின்றது.

மறுபுறத்தில், தேர்வுக்கு இடம் கொடுத்த விளையாட்டுகள் வளர்ந்தன. 2011 இல் வந்த டிராகன் ஏஜ் இரண்டாம் பகுதியில், காதலுக்குரிய தோழர் நால்வர், ஆடுபவர் ஆண் வேடம் பூண்டாலும் பெண் வேடம் பூண்டாலும் இசைவர். 2014 இல் வந்த அடுத்த பகுதியிலோ ஒவ்வொருவருக்கும் சொந்த விருப்பு உண்டு. டோரியன் என்பவன் ஆண்களை மட்டுமே விரும்புவான்; பெண் வேடம் பூண்டவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் நட்போடு நின்றுவிடுவான். 2023 இல் வந்த பால்டர்ஸ் கேட் மூன்றாம் பகுதி மீண்டும் கதவைத் திறந்துவிட்டது. ஊசல் இப்படி இரு பக்கமும் ஆடிக்கொண்டிருக்கின்றது.

வேடம் கட்டி ஆடுவது கணினியோடு பிறந்த பழக்கமன்று. திருப்பதியிலேயே ஆண்டுதோறும் மே மாத வாக்கில் அதைக் காண்கின்றோம். தாதய்யகுண்டா கங்கம்மா சாத்திரையின்போது ஊரே வேடம் பூணுகின்றது. பெண்களைச் சூறையாடிய பாளையக்காரன் ஒருவனைக் கங்கம்மா பல வேடங்களில் தேடி அலைந்து, துரை வேடத்தில் வந்து கொன்றாள் என்பது கதை. கைகாலா குடும்பத்து ஆடவர் அவ்வேடங்களைப் பூண்டு தெருத்தெருவாக வருவர். மக்களும் நேர்ந்துகொண்டு வேடம் தரிப்பர். மீசை வைத்த ஆடவர் சேலை கட்டி, பூ வைத்து, வளையல் அணிந்து செல்வர். பண்ட வேடம் பூண்டவர் எதிர்ப்படுவோரை எப்படி ஏசினாலும் எவரும் சினப்பதில்லை.

இதில் ஆடுபவர் தேர்வது எது? நேர்த்திக்கடனைத் தேர்கின்றார், வேடத்தைத் தேர்கின்றார். தேராதது எது? கங்கம்மாவுக்கும் பாளையக்காரனுக்கும் உள்ள பகையைத் தேர்வதில்லை. கங்கம்மா திருமலை வேங்கடவனின் தங்கை என்னும் உறவையும் எவரும் தேர்வதில்லை. அண்ணன் வீட்டுச் சீராகத் திருமலையிலிருந்து சேலையும் மஞ்சளும் குங்குமமும் ஆண்டுதோறும் வருகின்றன. உறவு நிலையாக நிற்பதால்தான் வேடத்துக்கு வலிமை வருகின்றது. பாளையக்காரன் தப்பிப் போகலாம் என்றோர் ஏற்பாடு இருந்தால், அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு ஒருவர் வெயிலில் நடப்பதற்குப் பொருளே இராது.

சித்தூர்ப் பக்கத்துத் திரௌபதியம்மன், தருமராசர் கோயில்களில் நடைபெறும் பாரத விழாவும் இத்தகையதே. அருச்சுனன் தபசன்று வேடம் கட்டியவர் வானளாவிய மரத்தின்மீது பாடிக்கொண்டே ஏறுகின்றார். கீழே குழந்தையில்லாத பெண்கள் ஈரச் சேலையோடு காத்திருக்கின்றனர். மேலிருந்து விழும் எலுமிச்சங்கனிக்காக மடியேந்துகின்றனர். அருச்சுனன் மரம் ஏறுவான் என்பது அனைவருக்கும் தெரியும். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் கூட்டம் கூடுகின்றது. என்ன நடக்கும் என்று அறிய எவரும் வருவதில்லை. இந்த ஆண்டு இவர் எப்படி ஏறுகின்றார் என்று காணவே வருகின்றனர்.

எங்கள் பூர்விகமாகிய வேலூர்ப் பக்கத்தில் விடிய விடிய ஆடப்படும் கர்ண மோட்சம் என்னும் கூத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகின்றான். அவளோ பிறப்பறியாதவன் என்று அவனை இகழ்கின்றாள். கொடை வள்ளல் என்று உலகம் போற்றுகின்றவனுக்குத் தன் வீட்டில் ஒரு நல்ல சொல் கிடைக்கவில்லை. எத்தனை பொன்னை அள்ளி வீசினாலும் அவள் மனத்தை வாங்க முடியாது என்பதே அக்காட்சியின் உயிர். பொன்னுருவிக்கு ஒரு மனம் இருக்கின்றது. அது பார்வையாளரின் விருப்பத்துக்கு வளைவதில்லை.

இனி, இன்றைய விளையாட்டுக்குள் இருக்கும் கணக்கைப் பார்ப்போம். அறிவியல் மாணவன் என்னும் முறையில் இதைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். பல விளையாட்டுகளில் ஒவ்வொரு தோழருக்கும் ஓர் எண் உண்டு. அவருக்குப் பிடித்த சொல்லைச் சொன்னால் எண் கூடும். பிடிக்காததைச் சொன்னால் குறையும். 2009 இல் வந்த முதல் டிராகன் ஏஜில் பரிசுப் பொருள் கொடுத்தாலே எண் ஏறும். எண் குறித்த எல்லையைத் தாண்டினால் காதல் கதவு திறக்கும். காதல் என்பது ஆறாம் வகுப்புக் கூட்டல் கணக்காகிவிடுகின்றது! பத்து முறை பரிசு கொடுத்தவனுக்குப் பதினோராம் முறை அன்பு கிடைத்தே தீரவேண்டும் என்று கற்றவன், விளையாட்டை மூடிவிட்டு வெளியே வரும்போது அந்தப் பாடத்தை மேசையிலேயே விட்டுவிட்டு வருவானா? “இவ்வளவு செய்தேனே, ஏன் மறுத்தாள்?” என்று வெகுளும் இளைஞரை நாம் அறிவோம். அவ்வெகுளி சில வேளைகளில் எங்குப் போய் முடிகின்றது என்பதையும் நாளேடுகளில் படித்து நடுங்குகின்றோம். விளையாட்டுதான் இதற்குக் காரணம் என்று நான் கூறவில்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அது தீனியாக வேண்டியதில்லை என்றே கூறுகின்றேன்.

மற்றொரு கணக்கும் உண்டு. இரண்டு வழிகளுள் ஒன்றைத் தேரும் இடம் பத்து இருந்தால், 1024 பாதைகள் கிளைக்கும். இருபது இருந்தால் பத்து இலட்சத்தையும் தாண்டும். அத்தனையையும் எழுத எவராலும் இயலாது. ஆகவே எழுதுவோர் கிளைகளை மீண்டும் ஒன்றாய்க் கட்டிவிடுகின்றனர். எப்படிச் சென்றாலும் ஒரே வாசலுக்கு வந்து சேர்வோம். தேர்வு என்று நாம் மகிழ்வதில் பெரும்பகுதி தோற்றமே.

இவ்வளவும் சொன்னதால், உறவு எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்யட்டும் என்று நான் வாதாடுவதாக எவரும் கொள்ளல் ஆகாது. உறவைப் பிறப்பே முடிவு செய்துவிடும் சமுதாயத்தில் வாழ்கின்றோம். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைத் தெருவில், பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த குற்றத்துக்காகச் சங்கர் என்னும் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது வந்த இருவர் மணக்க முடிவு செய்தால் குடும்பத்தின் ஒப்புதலோ சாதியின் ஒப்புதலோ தேவையில்லை என்று 2018 இல் உச்சநீதிமன்றம் கூறவேண்டியிருந்தது. அதே ஆண்டில்தான் ஒருபாலினத்தார் காதல் குற்றமன்று என்றும் அம்மன்றம் தீர்ப்பளித்தது. தான் விரும்பியவரை விரும்பினேன் என்று சொல்ல வீட்டிலும் வீதியிலும் இடமில்லாத ஒருவருக்கு, விளையாட்டில் கிடைக்கும் அந்தச் சிறு இடம் எத்துணைப் பெரிது! அதை வெறும் பொழுதுபோக்கு என்று எள்ளுவோர், தாம் நினைத்ததைத் தடையின்றிச் சொல்லி வாழ்ந்தவர்களாகத்தான் இருப்பர்.

ஆகவே தேர்வும் வேண்டும், நிலையும் வேண்டும். இவை இணையுமா? இணையும் என்பதற்கு 2015 இல் போலந்து நாட்டிலிருந்து வந்த விட்சர் மூன்றாம் பகுதி சான்று. அதில் கெரால்ட் என்னும் வேட்டைக்காரனுக்குச் சிரி என்னும் வளர்ப்பு மகள். அந்த உறவை மாற்ற முடியாது. ஆனால் அவள் தளர்ந்திருக்கும்போது தேற்றுவதா, அவளைத் தனியே பேசவிடுவதா, குழந்தையைப்போல் கையைப் பிடித்துக்கொண்டே திரிவதா என்பதை ஆடுபவர் தேரலாம். அவளை நம்பியவனுக்கு ஒரு முடிவு. நம்பாதவனுக்கு வேறொரு முடிவு. அதே விளையாட்டில் டிரிஸ், யென்னபெர் என்னும் இரு பெண்களையும் ஒருசேர ஏய்க்க முயன்றால், இருவரும் கூடிப் பேசி, கெரால்டைக் கட்டிலில் பிணைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுகின்றனர். பொன்னுருவிக்கு இருந்த மனம் இவர்களுக்கும் இருக்கின்றது.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று வெண்பா. கனடா நாட்டு டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் நிறுவனத்தார் 2023 இல் வெளியிட்ட சிறு விளையாட்டு இது. மறு ஆண்டு பிரித்தானியாவின் பாப்டா விருதையும் பெற்றது. இதில் வாளும் இல்லை, போரும் இல்லை. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பாவும் பாவலனும், அவர்கள் மகன் கவினும்தான் கதை. நாம் இட்டிலி அவிக்கின்றோம். தாய் கொடுத்த சமையல் குறிப்பில் அழிந்துபோன வரிகளை ஊகித்து நிரப்புகின்றோம். பேச்சில் சில இடங்களில் தேர்வு உண்டு. அது கதையைப் பெரிதும் மாற்றுவதில்லை. தமிழ் பேசக் கூசும் மகனை மாற்றி வேறு மகனை வாங்கிக்கொள்ள வழியில்லை. அவனுக்கு என்ன சமைப்பது, என்ன விடை சொல்வது என்பதே நம் கையில் உள்ளது. இங்கே தேர்வு சுருங்கியதால் உறவு கனத்தது.

வந்தேறியவர் வீட்டில் பிறந்தவனுக்கு இது எளிதில் விளங்கும். என் தந்தையார் வேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து சித்தூர் வெல்ல மண்டிக்குப் பிழைக்க வந்தவர். 1953 இல் சித்தூர் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்ததும், 1960 இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மாறியதும், 2022 இல் திருப்பதி தனி மாவட்டமானதும் எங்களைக் கேட்டு நடந்தவையல்ல. கடைத்தெருவில் “அரவவாள்ளு” என்று எங்களைச் சுட்டுவோரும் உண்டு. அந்த உறவை நாங்கள் தேரவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெரியவரை நான் “பாபாய்” என்றழைக்கின்றேன். அவருடைய மகள் என் தாயைப் “பின்னி” என்றழைக்கின்றாள். சிற்றப்பன் என்றும் சின்னம்மா என்றும் பொருள்படும் இச்சொற்களை எவரும் எங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. இருபது ஆண்டு நடத்தையில் விளைந்தவை அவை.

கணினி பயிலும் தமிழ் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பாத்திரங்களை நினைத்தபடி பேசவைக்கும் முயற்சிகள் இன்று நடைபெறுகின்றன. நாளை அவை எதற்கும் இசையும். எப்போதும் இன்சொல்லே பேசும். அத்தகைய அடிமைகளை ஆக்குவதற்கு நம் அறிவு வேண்டியதில்லை. அதை அங்காடி தானே செய்துகொள்ளும். நம் கூத்தையும் சாத்திரையையும் அறிந்தவர்கள் வேறொன்று செய்யலாம். கர்ணன் வேடத்தை ஆடுபவரிடம் கொடுங்கள். பொன்னுருவிக்கு அவள் மனத்தைக் கொடுங்கள். விடைபெறும் அந்த ஓர் இரவில் அவன் என்ன சொல்கின்றான் என்பதை மட்டும் ஆடுபவர் தேரட்டும். அவள் முகம் திருப்பிக்கொள்ளவும் கூடும். அந்த உரிமை அவளிடமே இருக்கட்டும்.