சர்வரைத் திட்டாதீர்கள்



பழைய மாணவர் சந்திப்புக்கு ஒரே நேரத்தில் இருவர் பதிந்ததில் ஒருவர் பெயரைக் காணோம். "சர்வர் பிரச்சினை சார்" என்கிறான் பக்கத்தைச் செய்தவன். ஓய்வுக்குப் பின் கொஞ்சம் பி.எச்.பி. படித்தவன் நான், ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரே பதிவேட்டை இரண்டு ஆசிரியர்கள் நகலெடுத்து, ஆளுக்கொரு வரி சேர்த்து, பழையதன் இடத்தில் தம் நகலை வைத்தால்? பிந்தி வைத்தவருடையதுதான் நிற்கும். இங்கும் அதே கதை.

இதற்குத்தான் ஃப்ளாக் என்ற பூட்டு. "போட்டேனே சார்!" போட்டாய், எழுதும்போது மட்டும். படிப்பதற்கு முன்பே பூட்டு. படித்து, சேர்த்து, எழுதி முடித்தபின் திற. 'டபிள்யூ' முறையில் கோப்பைத் திறந்தாலே உள்ளே இருப்பது அழிந்துவிடும். பிறகு பூட்டி என்ன பயன்? 'சி பிளஸ்' முறையில் திற. லினக்ஸில் இந்தப் பூட்டு, பூட்டைக் கேட்டு வருகிறவரை மட்டுமே நிறுத்தும். கேட்காத நிரல் நேரே உள்ளே போய்விடும். ஆகவே அந்தக் கோப்பைத் தொடும் ஒவ்வொரு நிரலும் கேட்க வேண்டும்.

"சின்னப் பக்கம்தானே, யார் மோதப்போகிறார்கள்?" என்ற அலட்சியம்தான் எனக்குக் கோபம். விடுபட்ட பிள்ளை போனில் கேட்டது: "என்னைக் கூப்பிட வேண்டாம்னு விட்டுட்டீங்களா சார்?"

இதற்குச் சர்வரா பதில் சொல்லும்? நிரல் எழுதும் பிள்ளைகளே, இன்றே உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள்.