கண்ணில் நீர் வடிந்தால்

"வயசாயிட்டா கண்ணுல தண்ணி வரத்தான் செய்யும்." நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் இந்தப் பேச்சு எனக்கு அறவே பிடிப்பதில்லை. முந்தானையாலோ துண்டாலோ துடைத்துக்கொண்டே பத்து வருஷம் ஓட்டிவிடுகிறார்கள். காலையில் பீளை ஒட்டிக் கண்ணைத் திறக்க முடியாமல் போனால் "சூடு" என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்கும். கவனித்திருப்பீர்கள். இமைகளின் உள்மூலையில் இரண்டு சின்னத் துவாரங்கள் உண்டு. கண்ணீர் அவற்றின் வழியாக மூக்கோரத்தில் இருக்கும் ஒரு சிறு பைக்குப் போய், அங்கிருந்து மூக்குக்குள் இறங்குகிறது. மருந்தும் அதே வழியில்தான் போகிறது. பைக்குக் கீழே குழாய் அடைத்துக்கொண்டால் கண்ணீர் தேங்கும். தேங்கிய குட்டைத் தண்ணீர் என்னவாகும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிருமி சேர்ந்து சீழ் பிடிக்கும். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குத்தான் இது அதிகம். அவர்களுக்கு அந்தக் குழாய் குறுகலாக இருப்பது ஒரு காரணம் என்கிறார்கள்.

நீர் வடிகிற எல்லாக் கண்ணுக்கும் இதுதான் கோளாறு என்று நான் சொல்லவில்லை. கண் வறண்டாலும்கூட நீர் கொட்டும். ஆனால் உள்மூலையை லேசாக அழுத்தும்போது பிசுபிசுவென்று சீழ் எட்டிப் பார்த்தால் அது பைக் கோளாறுதான். (சிவந்து வீங்கி வலித்தால் அழுத்திப் பார்க்காதீர்கள், நேரே டாக்டரிடம் போங்கள்.)

என் பெரியம்மாவுக்கு மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். கண்புரைக்காக முகாமுக்குப் போனார். இப்போதெல்லாம் முகாமில் பிரஷர், சுகரோடு "டக்ட்" டெஸ்ட்டும் பார்ப்பார்கள். இமை மூலைத் துவாரத்தில் ஊசி வழியாகத் தண்ணீர் விட்டால், அது தொண்டைக்கு வர வேண்டும். பெரியம்மாவுக்குச் சீழோடு திரும்பி வந்தது. முதலில் பைக்கு ஆபரேஷன், பிறகுதான் புரை என்று சொல்லி அனுப்பினார்கள். பையில் சீழை வைத்துக்கொண்டு புரை ஆபரேஷன் செய்தால் கிருமி கண்ணுக்குள்ளேயே போய்விடும். ஆனால் வீட்டில் எழுந்த கேள்வி வேறு. "பார்வை வராத ஆபரேஷனுக்கு எதுக்கு அலையணும்?"

இந்தக் கேள்விதான் பல கண்களைக் கெடுக்கிறது என்பது என் எண்ணம்.

அடுத்த தை அறுப்பில் களத்தில் நெல் தூற்றும்போது தூசு விழுந்தது. நல்ல கண்ணாக இருந்தால் அந்தக் கீறல் ஓரிரு நாளில் ஆறியிருக்கும். கருவிழியின் மேல்தோல் கிழியாதவரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே நுழைய முடியாது. கிழிந்துவிட்டால், பக்கத்திலேயே பை நிறையக் கிருமி காத்திருக்கிறதே! நியூமோகாக்கஸ் என்ற கிருமி இதில் பேர்போனது. முதலில் தாய்ப்பால் பீய்ச்சினார்கள். பிறகு மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து. நாலாம் நாள் கருவிழி வெளுத்து, அதன் பின்னால் அடியில் சீழ் படிந்து நின்றது. ஆஸ்பத்திரியில் மணிக்கொரு தரம் மருந்து விட்டுக் கண்ணைக் காப்பாற்றினார்கள். பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை. வெள்ளைத் தழும்போடு இன்னும் எட்டு வருஷம் இருந்தார்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை. 1990-களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்குப்படி, வருஷத்துக்குப் பத்தாயிரம் பேரில் சுமார் 11 பேருக்குக் கருவிழியில் புண் வந்தது. பெரும்பாலும் கண்ணில் ஏதாவது பட்டதில் தொடங்கியவை. நம் ஊரில் பூஞ்சையால் வரும் புண்ணும் ஏராளம். அதில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை விட்டால் எரிகிற வைக்கோலில் எண்ணெய் விட்ட மாதிரிதான். சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கிற கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கேட்டு வாங்குகிற நம் ஆட்கள் மேலும்தான்.

பை ஆபரேஷன் பெரிய காரியம் இல்லை. பையிலிருந்து மூக்குக்குப் புதுவழி திறந்துவிடுவார்கள், ஒரு மணி நேர வேலை. ரொம்ப வயதானவர்களுக்குப் பையையே எடுத்துவிடுவதும் உண்டு. அப்படி எடுத்தால் நீர் வடிவது நிற்காமல் போகலாம், ஆனால் சீழ் தங்க இடமிருக்காது.

முகாம் நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. டக்ட் அடைப்பு என்று திருப்பி அனுப்புகிறவர்கள் கையில் வெறும் சீட்டைக் கொடுக்காதீர்கள். கூட வந்த மகனையோ மருமகளையோ உட்காரவைத்து, இதை விட்டால் என்ன ஆகும் என்று இரண்டு நிமிஷம் பேசுங்கள். எந்தத் தேதியில் வர வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் பெரியம்மாவின் சீட்டில் தேதி இல்லை.