விமானியறையில் ஒலிக்கும் தீ எச்சரிக்கை உண்மையா, பொய்யா? பதில் தரையில் நிற்பவரிடம்

பெங்களூரு: கடந்த 2024-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி இரவு, பெங்களூரு கெம்பேகவுடா சர்வதேச விமான நிலையத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் எஞ்சினில் தீப்பிடித்தது. விமானம் 11.12 மணிக்கு அவசரமாகத் தரையிறக்கப்பட்டது. 179 பயணிகளும் 6 பணியாளர்களும் வெளியேற்றப்பட்டனர். அந்தத் தீ உண்மையானது. ஆனால், விமானங்களில் ஒலிக்கும் எல்லாத் தீ எச்சரிக்கைகளும் அப்படி இருப்பதில்லை.

குறிப்பாகச் சரக்கு அறைகளில் பொய் எச்சரிக்கையே மிகுதி. அமெரிக்க விமானங்களை ஆராய்ந்து அந்நாட்டின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 1990-களின் பிற்பகுதியில் சரக்கு அறையில் ஒலித்த சுமார் 200 பொய் எச்சரிக்கைகளுக்கு ஒன்றுதான் உண்மையான புகை அல்லது தீயாக இருந்தது. காற்றில் மிதக்கும் துகள்களைக் கொண்டே புகை உணரிகள் புகையை அறிகின்றன. தூசியும், பூக்களும் காய்கறிகளும் வெளியிடும் ஈரப்பதம் குளிர்ந்து உருவாகும் மூடுபனியும் அவற்றுக்குப் புகையாகவே தோன்றக்கூடும். மலர்களும் காய்கறிகளும் பெருமளவில் ஏற்றுமதியாகும் பெங்களூருவுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று.

எஞ்சின்களில் நிலைமை சற்று வேறு. அங்கே இரண்டு உணரிச் சுற்றுகள் இணையாக ஓடுகின்றன. இரண்டும் வெப்பத்தை உணர்ந்தால்தான் மணி ஒலிக்கும். ஒரு சுற்று பழுதானால் மற்றொன்றை மட்டும் நம்பவேண்டிய நிலை வரும். இணைப்பில் ஈரம் புகுவது, கம்பி உரசித் தேய்வது, சூடான காற்றுக் குழாய் கசிவது ஆகியவை பொய் எச்சரிக்கைக்குக் காரணமாகலாம்.

ஆபத்து எங்கே?

பொய் மணி ஒலிப்பதால் மட்டும் எவருக்கும் காயம் ஏற்படுவதில்லை. அதன்பின் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. 2025 ஜூலை 5-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், ஸ்பெயினின் பால்மா விமான நிலையத்தில் மான்செஸ்டருக்குப் புறப்படவிருந்த ரயன்ஏர் விமானத்தில் தீ எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பயணிகள் அவசரமாக வெளியேறினர். சிலர் இறக்கையிலிருந்தே தரையில் குதித்தனர். 18 பேர் காயமடைந்தனர். எச்சரிக்கை பொய்யானது என்று அந்நிறுவனம் பின்னர் தெரிவித்தது.

அதற்காக, 'பொய்யாகத்தான் இருக்கும்' என்று காத்திருப்பது அதைவிடக் கொடியது. 1980 ஆகஸ்ட் 19-ஆம் தேதி ரியாத்திலிருந்து புறப்பட்ட சவுதியா விமானத்தில் சரக்கு அறைப் புகை எச்சரிக்கை ஒலித்தபோது, அது உண்மைதானா என்று உறுதிசெய்வதிலேயே விமானிகள் சில நிமிடங்களைச் செலவிட்டனர். விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. ஆனால், நின்ற பிறகும் எஞ்சின்கள் சில நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்ததால் மீட்புப் படையினரால் நெருங்க இயலவில்லை, கதவுகளும் திறக்கப்படவில்லை. விமானத்தில் இருந்த 301 பேரும் உயிரிழந்தனர். உள்ளே இருந்தவர்களுக்கும் வெளியே இருந்தவர்களுக்கும் இடையே பயனுள்ள தொடர்பே இல்லாமற்போன நிகழ்வு அது.

விமானியால் தமது எஞ்சினைப் பார்க்க முடியாது

பயணிகள் விமானங்கள் பெரும்பாலானவற்றில், விமானியறையில் அமர்ந்திருப்பவருக்குத் தமது எஞ்சினும் விமானத்தின் வால்பகுதியும் கண்ணில் படுவதில்லை. விளக்கும் மணியுமே அவருக்குச் சான்று. தரையில் நிற்கும் தொழில்நுட்பப் பணியாளரோ ஒரே பார்வையில் புகை இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். வானில் கிடைக்காத இந்த வசதி தரையில் கிடைக்கிறது.

2022 செப்டம்பர் 14-ஆம் தேதி மஸ்கட்டிலிருந்து கொச்சிக்குப் புறப்படவிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் நேர்ந்தது இதற்கு நேரெதிர். விமானியறையில் எந்த எச்சரிக்கையும் இல்லை. புகை வருவதாக மற்றொரு விமானத்திலிருந்து சொன்ன பிறகே விமானம் நிறுத்தப்பட்டுப் பயணிகள் சறுக்குப் பாதை வழியாக இறக்கப்பட்டனர். 2013 ஜூலையில் லண்டன் ஹீத்ரூவில் ஆளின்றி, மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டு நிறுத்தப்பட்டிருந்த எத்தியோப்பியன் நிறுவனத்தின் 787 விமானத்தில் தீப்பற்றியபோதும், முதலில் கவனித்தவர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களே.

கருவிகளே முந்திக்கொள்வதும் உண்டு. 2025 ஜூலை 22-ஆம் தேதி ஹாங்காங்கிலிருந்து டெல்லி வந்து நின்ற ஏர் இந்தியா விமானத்தின் வால்பகுதியிலுள்ள துணை மின் எந்திரத்தில், பயணிகள் இறங்கத் தொடங்கிய நேரத்தில் தீப்பிடித்தது. எந்திரம் தானாகவே நின்றுவிட்டது. ஏ320 வகை விமானங்களில் இத்தகைய தீ தரையில் உணரப்பட்டால், முன்சக்கரப் பகுதியிலிருந்து ஊதல் ஒலித்துத் தரைப் பணியாளரையும் எச்சரிக்கும். அந்த ஊதலின் பொருள் அருகில் நிற்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. பெட்டி ஏற்றுபவர், உணவு வண்டி ஓட்டுநர், துப்புரவாளர் எனப் பல நிறுவனங்களின் ஊழியர்கள் ஒரே விமானத்தைச் சுற்றி வேலை செய்யும் இடத்தில் அது சிறிய நிபந்தனை அன்று.

தொடர்பு இழை

பயணிகள் உள்ளே இருக்கும்போது எரிபொருள் நிரப்பினால், மேற்பார்வையிடும் தரைப் பணியாளருக்கும் விமானத்தில் உள்ள தகுதிபெற்ற பணியாளருக்கும் இடையே இருவழித் தொடர்பு இருக்கவேண்டும் என்கின்றன சர்வதேச விதிகள். தீயைக் காட்டும் கைச்சைகையும் வரையறுக்கப்பட்டுள்ளது: இடக்கை தீ இருக்கும் இடத்தைச் சுட்ட, வலக்கை தோளிலிருந்து முழங்கால் வரை விசிறுவதுபோல் அசையவேண்டும். ஹெட்செட் கம்பி கழற்றப்பட்ட பின் எஞ்சுவது இந்தச் சைகைதான்.

சைகை தவறினால் விளைவது என்ன என்பதை மும்பை அறியும். 2015 டிசம்பர் 16-ஆம் தேதி, ஏர் இந்தியா விமானம் நிறுத்துமிடத்திலிருந்து பின்னோக்கித் தள்ளப்பட்டபோது, தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். துணை விமானி சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டதாக அப்போது செய்திகள் வெளியாயின.

பெங்களூருவின் விமான நிறுத்துமிடத்தில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி பேசும் ஊழியர்கள் சேர்ந்து பணியாற்றுகின்றனர்; விமானியுடனான உரையாடலோ ஆங்கிலத்தில். 'இடது எஞ்சின், புகை இல்லை' என்பதைத் தயங்காமல் சொல்ல நான்கைந்து சொற்கள் போதும். ஆனால், அவை முன்பே பழகியிருக்கவேண்டும். விமான நிலையங்கள் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் முழு அளவிலான அவசரகால ஒத்திகை நடத்தவேண்டும் என்பது சர்வதேச விதி. பயணிகள் பாலம் இணைந்த நிலையில், பெட்டிகள் ஏறிக்கொண்டிருக்கும்போது பொய் மணி ஒலிக்கும் காட்சியையும் அந்த ஒத்திகையில் சேர்ப்பதற்குத் தனிச் செலவு ஏதும் பெரிதாகத் தேவைப்படாது.