ஒன்பதாம் இடத்திலிருந்து வந்தவர்கள்



பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவரும் காலம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. இவ்வாரம் அதைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன். ஆயினும் ஒரு கிரிக்கெட் அணியின் கதையிலிருந்து தொடங்குகிறேன். போதகருக்குக் கிரிக்கெட் எதற்கு என்று கேட்கும் மூத்தோர் நம் நடுவில் உண்டு. ஓட்டப்பந்தயத்தையும் சிலம்பத்தையும் எடுத்துக்காட்டிப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதியிருப்பதை அவர்களுக்கு அன்போடு நினைப்பூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

2022ஆம் ஆண்டு ஐ.பி.எல். தொடரில் சென்னை சூப்பர் கிங்ஸ் பதினான்கு ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்றது. பத்து அணிகளில் அதற்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம். தொடர் தொடங்கும்போது தலைமைப் பொறுப்பு ரவீந்திர ஜடேஜாவிடம் கொடுக்கப்பட்டிருந்தது. எட்டு ஆட்டங்களுக்குப் பின் அவர் அதைத் தோனியிடமே திரும்ப ஒப்படைத்தார். பிறகு காயமடைந்து, தொடர் முடியுமுன்னே அணியைவிட்டுப் புறப்பட்டார். அவர் இனி இந்த அணிக்குத் திரும்பமாட்டார் என்று பேசாத வாயில்லை.

அடுத்த ஆண்டு அதே அணி கோப்பையை வென்றது. அந்த வெற்றியை யார் யார் தேடித்தந்தார்கள் என்று பார்க்கும்போதுதான் என் உள்ளம் இந்தக் கதையில் நின்றுவிடுகிறது.

அணி எல்லாரையும் அப்படியே வைத்துக்கொண்டது என்று நான் சொல்லவரவில்லை. சிலரை விடுவித்தார்கள், பெயர்பெற்ற ஒருவரையும் வாங்கினார்கள். பென் ஸ்டோக்ஸ் என்னும் இங்கிலாந்து வீரருக்கு 16.25 கோடி ரூபாய் கொடுத்தார்கள். காயங்களினிமித்தம் அவர் இரண்டே ஆட்டங்களில்தான் ஆட முடிந்தது. அதே ஏலத்தில் அஜிங்க்ய ரஹானேயை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு வாங்கினார்கள். இந்திய டெஸ்ட் அணியிலிருந்து நீக்கப்பட்டு, இருபது ஓவர் ஆட்டத்துக்கு ஏற்றவரல்லர் என்று பலரும் முடிவு கட்டியிருந்தவர் அவர். மொயீன் அலிக்கு உடல்நலம் குன்றியதால் ஏப்ரல் 8ஆம் நாள் மும்பையில் அவருக்கு இடம் கிடைத்தது. 27 பந்துகளில் 61 ஓட்டங்கள் எடுத்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்திய டெஸ்ட் அணிக்கே திரும்பினார்.

துஷார் தேஷ்பாண்டேயின் கதை இதைவிட எனக்குப் பிடித்தது. முதல் ஆட்டத்தில் அவர் பந்துவீச்சில் ஐம்பது ஓட்டங்களுக்குமேல் போயின. சேப்பாக்கத்தில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் அணியின் பந்துவீச்சாளர்கள் வைடுகளையும் நோ-பால்களையும் வாரி இறைத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் தோனி எல்லாரும் கேட்கவே எச்சரித்தார்: இப்படியே தொடர்ந்தால் நீங்கள் வேறொரு தலைவரின்கீழ்தான் ஆடவேண்டியிருக்கும் என்பது அவர் சொன்னதன் பொருள். கடிந்துகொண்டார், ஆனால் தேஷ்பாண்டேயை உட்காரவைக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலும் பந்து அவர் கையில் கொடுக்கப்பட்டது. தொடர் முடிவில் அவர் எடுத்திருந்த விக்கெட்டுகள் 21.

ஜடேஜாவோ வேறொரு பாடுபட்டார். தோனி மட்டையோடு வருவதைக் காணவேண்டும் என்ற ஆசையில், சென்னை அணியின் ரசிகர்களே ஜடேஜா ஆட்டமிழக்கக் காத்திருந்தார்கள். தாம் முன்னதாக இறங்கினால் தம்முடைய விக்கெட் விழுவதற்காக இவர்கள் காத்திருப்பார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். சொந்த வீட்டாரே நாம் விழுவதைப் பார்த்திருப்பது எத்தகையது என்பதை யோசேப்பின் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள்.

இறுதி ஆட்டம் மே 28ஆம் நாள், பெந்தெகொஸ்தே ஞாயிறு மாலை, அகமதாபாத்தில் நடந்திருக்கவேண்டும். மழையினால் மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று. மறுநாளும் மழை விட்டபாடில்லை. நம் தமிழ்நாட்டுப் பிள்ளை சாய் சுதர்சன் எதிரணியான குஜராத்துக்காக 96 ஓட்டங்கள் எடுத்தார். சென்னைக்கு 15 ஓவரில் 171 என்று இலக்கு மாற்றப்பட்டது. தோனி முதல் பந்திலேயே ஆட்டமிழந்தார். கடைசி ஓவரை வீசிய மோகித் சர்மா நான்கு பந்துகளில் மூன்றே ஓட்டங்கள் கொடுத்தார். எஞ்சியது இரண்டு பந்து, பத்து ஓட்டம். ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி. அடித்தவர் ஜடேஜா. தோனி அவரைத் தூக்கிக்கொண்ட படத்தை நீங்கள் அநேகமாய்ப் பார்த்திருப்பீர்கள்.

தோற்ற மோகித் சர்மாவையும் மறந்துவிடாதேயுங்கள். முந்தின ஆண்டு அவர் குஜராத் அணிக்கு வலைப்பயிற்சியில் பந்துவீசும் ஆளாக மட்டுமே இருந்தவர். அங்கிருந்து எழும்பி, அந்த ஆண்டு 27 விக்கெட்டுகள் எடுத்திருந்தார். அந்த இரவில் இரண்டு பக்கமும் நின்றவர்கள், ஒதுக்கப்பட்டு மறுபடியும் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள்.

இதைப் படித்துவிட்டு அந்த அணியை நான் பரிசுத்தவான்களின் கூட்டமாக்கிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். சூதாட்ட விவகாரத்தினால் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் தடைசெய்யப்பட்டிருந்த அணி அது. அது நடப்பதும் இலாபத்துக்காகவே. தோற்றவரை வைத்துக்கொண்டால் வென்றே தீரலாம் என்ற சூத்திரமும் கிடையாது. 2025இல் அதே அணி கடைசி இடத்துக்குப் போயிற்று. ஆனாலும் இலாபத்துக்காக நடக்கும் ஒரு கூட்டத்தாருக்குத் தெரிந்த பொறுமை, இரத்தத்தால் மீட்கப்பட்ட கூட்டத்தாராகிய நமக்கு இருக்கிறதா என்று கேட்க எனக்கு உரிமையுண்டு.

ஏனெனில் அதே மே மாதத்தில் இன்னொரு பட்டியலும் வெளிவந்தது. 2023 மே 8ஆம் நாள் பிளஸ் டூ முடிவுகள் அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ எட்டு லட்சம்பேர் எழுதியதில் நூற்றுக்கு 94 பேர் தேறினார்கள். நல்ல செய்திதான். மீதி ஆறுபேர் என்பது மாநிலமெங்கும் 47,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருப்பார்கள்.

நாம் வாழும் நிலமோ மதிப்பெண்ணுக்குப் பேர்போனது. முட்டைக்கும் லாரிக்கும் அடுத்தபடியாக நாமக்கல் என்றால் விடுதிப் பள்ளிகள்தாம் வெளியூராருக்கு நினைவு வரும். கோழிப்பண்ணையோடு ஒப்பிட்டு அவற்றுக்கு மக்கள் இட்ட பட்டப்பெயரும் உங்களுக்குத் தெரியும். தென்மாவட்டத்துப் பெற்றோரும் நகையை அடகுவைத்து இங்கே பிள்ளையைச் சேர்த்த காலம் உண்டு. இந்தக் காற்றைத்தான் நம் சபையும் சுவாசிக்கிறது.

முடிவுகள் வந்த அடுத்த ஞாயிறன்று நம் ஆலயங்களில் நடப்பதை எண்ணிப்பாருங்கள். ஸ்தோத்திர ஜெபத்துக்கு முன் பெயர்களும் மதிப்பெண்களும் வாசிக்கப்படும். முதல் மூன்று பேருக்குக் கேடயம். வாசலில் ஃபிளெக்ஸ் பலகை. தேறாத பிள்ளை அன்று ஆலயத்துக்கு வருவதில்லை. தாய் மட்டும் வந்து கடைசி வரிசையில் அமர்ந்து, ஆசீர்வாதம் கூறி முடிக்குமுன்னே எழுந்து போய்விடுகிறாள். பிள்ளை எங்கே என்று கேட்டால் மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்பார்கள்.

மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. அரசு விட்டுவிட்டதைப் பலிபீடத்தின் முன் நின்று நாம் செய்துகொண்டிருக்கிறோம். இதை நிறுத்தவேண்டும் என்பது என் கருத்து. ஆராதனையில் மதிப்பெண் வாசிக்கப்படலாகாது.

இதற்கு மறுப்பு சொல்கிறவர்களின் வார்த்தையிலும் நியாயம் இருக்கிறது. உழைத்த பிள்ளையைப் பாராட்டவேண்டாமா, சோம்பலுக்கும் உழைப்புக்கும் ஒரே கூலியா என்று மூப்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். பாராட்டுங்கள், வீட்டுக்குப் போய்ப் பாராட்டுங்கள், படிப்புக்குப் பணமும் கொடுங்கள். தேறாத பிள்ளையிடமும் உண்மையைச் சொல்லுங்கள். படிக்கவில்லை என்றால் படிக்கவில்லை என்று கடிந்துகொள்ளுங்கள். தேஷ்பாண்டேயும் கடிந்துகொள்ளப்பட்டவர்தான். அவரிடமிருந்து பந்தைப் பறிக்கவில்லை என்பதையே நான் சுட்டுகிறேன்.

நாம் பறித்துவிடுகிறோம். ஒரு பாடத்தில் தவறிய பையனை அந்த மாதமே லாரியில் ஏற்றிவிடுகிறோம், அல்லது திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடமாநிலத்துக்கு அனுப்பிவிடுகிறோம். பெண்பிள்ளையானால் நூற்பாலை விடுதி, இல்லாவிட்டால் மாப்பிள்ளை தேடுதல். லாரி ஓட்டுவதும் ஆழ்துளைக் கிணறு போடுவதும் இழிந்த தொழில்கள் அல்ல. நம் சபையின் காணிக்கையில் பெரும்பங்கு அந்தக் கைகளிலிருந்து வருகிறது. ஆனால் தண்டனையாகக் கொடுக்கப்படும் எந்த வேலையும் பிள்ளையின் உள்ளத்தை நொறுக்கும். நொறுங்கிய சிலர் எடுக்கும் முடிவை ஆண்டுதோறும் செய்தித்தாளில் படித்துப் பெருமூச்சு விடுகிறோம்.

வேதத்தில் மாற்கு என்னும் யோவான் இருக்கிறான். பவுலோடும் பர்னபாவோடும் முதல் ஊழியப் பயணத்துக்குப் புறப்பட்டு, பம்பிலியாவில் அவர்களை விட்டுப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். காரணம் எழுதப்படவில்லை. இரண்டாம் பயணத்துக்கு அவனையும் அழைத்துப்போகலாம் என்றான் பர்னபா; பாதியில் விட்டுப்போனவன் வேண்டாம் என்றான் பவுல். இருவரும் பிரிந்தே போனார்கள். அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசியுங்கள். எருசலேமிலிருந்த சீஷர்கள் பயந்து சவுலைச் சேர்த்துக்கொள்ளாதிருந்த நாளில் அவனைக் கைப்பிடித்து அப்போஸ்தலரிடம் கொண்டுபோனவன் இதே பர்னபாதான். தனக்குக் கிடைத்த அந்தக் கையை மாற்குவுக்கு நீட்டப் பவுலுக்கே அன்று மனம் வரவில்லை!

பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினான். அதற்குப்பின் அப்போஸ்தலருடைய நடபடிகளில் பர்னபாவின் பெயரே வருவதில்லை. தவறின ஒருவனுக்குத் துணைநின்றதற்காக அவனுக்கு எந்தப் பலகையும் வைக்கப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்து, சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பவுல் மாற்குவைத் தன்னிடம் அழைத்துவரச் சொல்கிறான். ஊழியத்துக்கு அவன் பிரயோஜனமானவன் என்கிறான். நம் கையிலிருக்கும் இரண்டாம் சுவிசேஷம் அந்த மாற்குவின் பெயரால் வழங்குகிறது.

இது தூரதேசத்துக் கதையாகத் தோன்றினால் சின்னப்பம்பட்டியை நினையுங்கள். நெசவுத் தொழிலாளியின் மகன், சாலையோரம் சிக்கன் கடை வைத்திருந்த தாயின் மகன், நம் சேலம் மாவட்டத்து நடராஜன். 2015இல் ரஞ்சி ஆட்டத்தில் நுழைந்தவுடனே அவருடைய பந்துவீச்சு முறை ஐயத்துக்குள்ளாயிற்று. கையசைவையே புதிதாகக் கற்றுக்கொள்ளவேண்டி வந்தது. 2017இல் பஞ்சாப் அணி மூன்று கோடிக்கு வாங்கியது. அந்த ஆண்டும் கைகூடவில்லை. ஐதராபாத் அணியோ 2018, 2019 இரண்டு ஆண்டுகளும் ஓர் ஆட்டத்தில்கூட இறக்காமலே அவரை வைத்திருந்தது. 2020இல் 16 விக்கெட்டுகள். அதன்பின் வலைப்பயிற்சிக்கென்று ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக ஆடிவிட்டுத் திரும்பினார். 2021 ஜனவரியில் சாரட்டு வண்டியில் ஏற்றி அவரை ஊரார் வரவேற்றதை நாமெல்லாரும் பார்த்தோம். 2015இல் ஊர் திரும்பியபோது அவருக்குத் துணைநின்றவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் ஒருவராக இருக்கவே சபை அழைக்கப்பட்டிருக்கிறது.

ஆகையால் மூப்பர் குழுவோடு கலந்து இவ்வாண்டுக்குச் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். முடிவு வெளியாகும் நாளன்று காலைமுதல் போதகர் இல்லத்தின் கதவு திறந்திருக்கும். மூப்பர்கள் இருவர் இருவராக, முதலில் தேறாத பிள்ளைகளின் வீடுகளுக்குச் செல்வார்கள். அங்கே உபதேசம் பண்ணமாட்டார்கள், காப்பி குடித்துவிட்டு உடன் அமர்ந்திருப்பார்கள். பிள்ளை உண்ணாமலோ பேசாமலோ இருந்தால் பெற்றோர் தயங்காமல் இரவானாலும் என்னை அழையுங்கள். அரசின் 104 உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்கள் சிலவே. ஆதலால் முடிவு வந்த வாரத்துக்குள்ளேயே எங்களிடம் தெரிவியுங்கள். கட்டணத்தைச் சபை செலுத்தும். கணிதமும் இயற்பியலும் கற்பிக்க ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர் இசைந்திருக்கிறார்கள். வகுப்பு மாலை ஆறு மணிக்கு, ஞாயிறு பள்ளிக் கட்டிடத்தில். கேடயத்துக்கென்று ஒதுக்கிய தொகை இதற்குச் செலவிடப்படும். சென்ற ஆண்டு துணைத்தேர்வு எழுதித் தேறிய பிள்ளைகள் யாரேனும் உடனிருந்து சொல்லிக்கொடுக்க முன்வந்தால், வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னை வந்து பாருங்கள்.